ஸ்டார்ட் பட்டன் இல்லாதது

ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கில்
ஸ்டார்ட் பட்டன் கிடையாது.
இதைச் சொன்னால் ஆபீசில் சின்னப் பையன்கள் நம்புவதில்லை.
ஆட்டத்தைத் தொடங்குவதும்
நடுவில் நிறுத்துவதும்
முதலாவதை வைத்திருப்பவன் பாடு.
அவன் என்ற அண்ணன், லோகநாதன்.
எனக்கு வாய்த்ததில்
ஸ்டார்ட் இருக்கவேண்டிய இடத்தில்
சல்லடைபோல ஏழெட்டு ஓட்டை.
மைக்குடி அது, என்றான். பேசிப் பார்த்தேன்.
டிவிக்குள் யாரும் திரும்பவில்லை.

சோமனூரில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான்.
டவுன்ஹால் சந்துக்கடையில் பேரம் பேசி
அப்பா வாங்கிவந்த சிவப்பு வெள்ளைப் பெட்டி.
மஞ்சள் கேசட்டின் மேல்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்றிருக்கும்.
எண்ணிப் பார்த்தால் பதினாறு.
மிச்சமெல்லாம் அதே டாங்கி, வேறு வேறு பெயரில்.
படம் வராவிட்டால் கேசட்டை உருவி ஊதுவோம்.
பஞ்சுத்தூசு பறக்கிற ஊர்,
எதை எடுத்தாலும் ஊதித்தான் ஆகணும்.
பட்டனுக்கடியில் ரப்பர் தேய்ந்தபோது
சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டினான் லோகு,
அவனுடையதுக்கு மட்டும்.
என்னுடையதில் இடப்பக்கம் போக
நகம் வெளுக்க அழுத்தணும்.

நாலு தறியும் ஓடும்போது
குண்டு வெடிப்பதைக் கண்ணால்தான் கேட்டோம்.

கூலி உயர்வு கேட்டுத் தறி நின்ற
முதல் ராத்திரியில்தான்
அந்த ஆட்டத்துக்குப் பாட்டு இருப்பதே
எங்களுக்குத் தெரிந்தது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ.
லோகு அவிநாசிக்கு, மாமன் வீட்டுக்குப் போயிருந்தான்.
தூக்கம் பிடிக்காமல் அப்பா வந்து உட்கார்ந்தார்.
"எப்படிக் கண்ணு இது? குடு, சித்தெ பாக்கலாம்."
கைக்குக் கிட்டத்தில் கிடந்தது என்னுடையது.
அதையே எடுத்துக்கொண்டார்.
முதல் ஜாய்ஸ்டிக் முதல் தடவையாக என் மடிக்கு வந்தது.

இழை அறுந்தால் இருட்டிலும் தடவி முடிபோடும் விரல்கள்
அந்தச் சின்னப் பட்டனில் தடுமாறின.
டாங்கி இடப்பக்கம் போகணுமென்றால்
அவர் உடம்பும் இடப்பக்கம் சாய்ந்தது.
ஒருத்தரையும் சுடவில்லை.
கீழே செங்கல் சுவருக்குள் இருக்கும் பறவையைச்
சுற்றிச் சுற்றி வந்தார்.
சுடுங்கப்பா, சுடுங்கப்பா என்று கத்தினேன்.
"காவலுக்கு நிக்கறனல்லோ, அது போதாதா?"
விடிகாலை மூன்று மணி வரை நின்றார்.
ஸ்டார்ட் என் விரலுக்கடியில் இருந்தது.
ஒரு தரம்கூட அழுத்தவில்லை.

முப்பதாம் நாள்
மளிகைக்கடை பாக்கிக்குப் பெட்டி போனது.
கடைக்காரர் மகன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனான்.
மறுநாளே வந்து நின்றான்.
"இன்னொரு ஜாய்ஸ்டிக் எங்கெ?"
கெட்டுப்போச்சு, குப்பையில் போட்டாச்சு என்றேன்.
அம்மா பக்கத்தில்தான் இருந்தாள், வாய் திறக்கவில்லை.
அரிசிப் பானையில் அதற்கு இடம் இருந்தது
அவளுக்குத் தெரியாதா.

இருபத்தாறு வருஷமாய்,
எந்த டிவியின் பொந்திலும் சேராத
ஒன்பது ஓட்டை மூக்கோடு
என் பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில்.

போன தீபாவளிக்கு ஊரில் கூடியிருந்தோம்.
பென்டிரைவ் போல ஒன்றை
அப்பா போட்டோவுக்குக் கீழே இருக்கிற டிவியில்
செருகினான் லோகு.
இருபதாயிரம் ஆட்டமாம். எண்ணவில்லை.
வயர் இல்லாத ஜாய்ஸ்டிக் ரெண்டு.
ஒன்றாவது அவனுக்கு, கேட்கவே வேண்டாம்.
என் கைக்கு வந்ததைத் திருப்பிப் பார்த்தேன்.
ஸ்டார்ட் இருந்தது.

மூன்றாம் கட்டம்.
தண்ணியோரமாய் அவன் டாங்கி திரும்புகையில்
அழுத்தினேன்.

அவன் விட்ட குண்டு அந்தரத்தில் நின்றது.
பாட்டு நின்றதும்
அடுத்த வீட்டுத் தறி கேட்டது.
"ஏய், ஆரு நிறுத்துனது?"
"நான்தான்."
"எதுக்கு?"
"சும்மா. இரு சித்தெ."